பழைய மோட்டாரின் ஆயுள்

பழைய மோட்டார் கார் ஒன்றை வைத்துக்கொண்டிருப்பவரைக் கண்டால் அன்பர்கள் கேட்கும் வினா ஒன்றே: "எஞ்சின் இன்னும் எத்தனை நாள் உழைக்கும்?" நம் சங்கத்துக் குடும்பங்களிற் பலவும், பிழைக்க வந்த ஊரில் முதன்முதலாக வாங்கிய வண்டி பிறர் ஓட்டிக் கழித்த வண்டியாகவே இருந்திருக்கும். ஆகையால் இவ்வினா எங்களுடையது மட்டுமன்று. ஆயினும் எங்களுக்கு இது சென்ற ஆண்டு வெறும் பேச்சாக இல்லாமல், முடிவு செய்தே தீரவேண்டிய விஷயமாக வந்து நின்றது.

எங்களிடம் இருப்பது 1986-ஆம் ஆண்டின் அம்பாஸிடர். நாங்கள் வாழும் ஹனூர், 1956 நவம்பர் 1 வரையில் சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தில், கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. பிறகு மைசூர் மாவட்டமாயிற்று. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணைக்காக நீரில் மூழ்கிய ஊர் ஒன்றிலிருந்து எங்கள் பாட்டனார் இங்கே வந்து மளிகைக் கடை வைத்தார். சேலம் மாவட்டத்திலிருந்து கோயமுத்தூர் மாவட்டத்துக்கு வந்தார், அவ்வளவே. வேற்று மாநிலம் பிற்பாடு தானாகவே அவரைத் தேடி வந்தது. உறவெல்லாம் இன்றும் கொளத்தூரிலும் மேட்டூரிலும்தான். அங்கே போக வேண்டுமானால் கௌதள்ளி கடந்து, மாதேஸ்வரன் மலை ஏறி, பாலாற்றுப் பக்கம் இறங்கவேண்டும். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்; அதில் பெரும்பகுதி மலையும் காடும். மாற்று வழியாக ஹாசனூர் சென்றாலோ திம்பத்தின் இருபத்தேழு கொண்டையூசி வளைவுகள் காத்திருக்கின்றன. மலை இறங்காமல் நாங்கள் உறவினர் முகத்தைப் பார்க்க முடியாது. வீரப்பன் பெயர் கேட்டு அஞ்சிய 1990-களில், இருட்டுமுன் அக்காட்டைத் தாண்டிவிட வேண்டும் என்பதே பயணத்தின் முதல் விதி. அக்காலத்தில் எஞ்சின் நின்றுபோகாதா என்று கேட்பதும் உயிரோடு வீடு சேர்வோமா என்று கேட்பதும் ஏறக்குறைய ஒன்றே.

வினாவுக்கு வருவோம். விடையைக் கிலோமீட்டரில் சொல்வது வழக்கம். அம்பாஸிடரைப் போன்ற பழைய அமைப்புடைய எஞ்சின் ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும்போது திறந்து பார்க்கும் நிலைக்கு வரும். இக்காலத்துக் கார்கள் திறக்காமலேயே இரண்டு லட்சம் ஓடுவது சாதாரணம். இது பொய்யன்று, ஆனால் போதுமான விடையும் அன்று.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். எங்கள் வண்டியின் எஞ்சின் 1489 சி.சி. கொள்ளளவு உடையது, நான்கு சிலிண்டர், பிஸ்டன் ஒரு முறை மேலிருந்து கீழே வரும் தூரம் ஏறத்தாழ 89 மில்லிமீட்டர். நான்காவது கியரில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் எஞ்சின் ஏறத்தாழ 2,300 சுற்றுச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு முறை இறங்கி ஒரு முறை ஏறுகிறது. ஆக, வண்டி ஒரு கிலோமீட்டர் உருளும்போது பிஸ்டன் தன் சுவரை உராய்ந்துகொண்டு 400 மீட்டர் நடக்கிறது. ஒரு லட்சம் கிலோமீட்டர் முடிவதற்குள் அது நடந்த நடை 40,000 கிலோமீட்டர். பூமியை ஒரு முறை சுற்றி வந்த தூரம். அதுவும் தலைமயிரினும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்!

மலையிலோ இரண்டாவது கியர். சுற்றுக்கள் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடுகின்றன. சூடும் பாரமும் அதற்குத் தக்கபடி. மீட்டர் காட்டுவது சக்கரம் உருண்ட கணக்கு, எஞ்சின் உழைத்த கணக்கன்று. கொள்ளேகாலுக்கும் மைசூருக்கும் சமவெளியில் ஓடிய வண்டியும், மாதந்தோறும் மாதேஸ்வரன் மலை ஏறிய வண்டியும் ஒரே எண்ணைக் காட்டலாம்; இரண்டும் ஒரே வயதுடையவை அல்ல. போதாக்குறைக்குப் பழைய மீட்டர்களில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999-க்கு அடுத்தது மறுபடியும் சைபர்தான். எங்கள் தந்தையார் 1989-இல் இவ்வண்டியை வாங்கியபோது மீட்டரில் 31,000 என்றிருந்தது. அது முதற்சுற்றா இரண்டாம் சுற்றா என்று விற்றவர் சொல்லவில்லை, தந்தையாரும் கேட்கவில்லை. அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதத் தொடங்கிவிட்டார்.

அந்த நோட்டுப் புத்தகமே இக்கட்டுரைக்கு ஆதாரம். ஆயில் மாற்றிய நாள், மீட்டர் எண், ரேடியேட்டருக்கு ஊற்றிய நீர், மலையுச்சியில் வெப்பமானியின் முள் நின்ற இடம், எல்லாம் உண்டு. மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில். தூசி மிகுந்த கோடையில் அதற்கும் முன்பே. காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் உறுமவிட்டுப் புறப்படுவோரை அவருக்குப் பிடிக்காது. இரவு முழுவதும் எண்ணெய் அடித்தொட்டியில் இறங்கியிருக்கும். அது மேலே ஏறிப் பரவுவதற்குள் மிதித்தால் உலோகம் உலோகத்தைத் தின்னும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் என்ற நம்பிக்கையில் நம் நாட்டு மெக்கானிக்குகள் பலர் அதைச் செய்துவந்தார்கள். தந்தையார் அதற்கு இடங்கொடுத்ததில்லை. உரிய சூட்டுக்கு வராமல் ஓடும் எஞ்சினும் தேயத்தான் செய்யும். இவ்விஷயத்தில் எங்கள் வாக்கு தந்தையாருக்கே.

முதன்முதலாக எஞ்சினை இறக்கியது 1994-இல். தேய்ந்து நீள்வட்டமாகிப்போன சிலிண்டரைச் சிறிதளவு பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவதுதான் 'ரீபோர்'. எடுக்கும் அளவு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர். சென்னையில் 1949-இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸின் பிஸ்டன்கள் அன்று மைசூர்க் கடைகளில் தாராளமாகக் கிடைத்தன. அதன்பின் 92,000 கிலோமீட்டர் ஓடி, 2009-இல் மறுபடியும் இறக்கினோம். இம்முறை ஆயிரத்தில் நாற்பது. அப்போதே வால்வு இருக்கைகளையும் கடினமான உலோகத்தில் மாற்றினோம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடெங்கும் நின்றுவிட்டது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயமே காப்பாக இருந்தது. காற்றுக்கும் குழந்தைகளுக்கும் நன்மை. பழைய எஞ்சினுக்கு மட்டும் சிறு தொல்லை.

இதிலிருந்து ஒன்று விளங்கும். பழைய எஞ்சினுக்கு ஆயுள் ஒன்றல்ல, சில. வார்ப்பிரும்புக் கட்டையில் இத்தனை முறை கடையலாம் என்று இடம்விட்டே அதைச் செய்தார்கள். நியூயார்க் மாநிலத்துப் பள்ளி ஆசிரியர் இர்வ் கோர்டன் 1966-இல் வாங்கிய வால்வோ காரைத் தாமே ஓட்டி, 2013-இல் முப்பது லட்சம் மைலை எட்டினார். உலகச் சாதனை அது. அதன் எஞ்சினும் வார்ப்பிரும்புதான். 6,80,000 மைல் ஓடிய பின்னரே அதை முதன்முறையாகத் திறந்து புதுப்பித்தார்கள். நீண்ட நெடுஞ்சாலைகளில், ஒரே கையால், சூடு ஆறாமல் ஓடிய வண்டி என்பதை மறக்கலாகாது. கௌதள்ளி மேட்டை அது கண்டதில்லை. மும்பாயின் பத்மினி டாக்ஸிகளோ 2023 அக்டோபரோடு தெருவை விட்டு மறைந்தன. அவற்றை நிறுத்தியது எஞ்சின் அன்று. டாக்ஸிக்கு இருபது ஆண்டு என்ற வயது வரம்பு.

எங்கள் வண்டிக்கும் சென்ற ஆண்டு அப்படிப்பட்ட நெருக்கடி நேர்ந்தது. மலை இறங்கி முடிந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப்புகை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கருமை என்றால் பெட்ரோல் மிகுதி. கலையாமல் தொங்கும் வெண்புகை என்றால் நீர் உள்ளே போகிறது. பழைய கார் வாங்கப் போகும் அன்பர்கள் வண்டியை நீண்ட இறக்கத்தில் கியரிலேயே இறக்கி, அடியில் சட்டென மிதித்துப் பின்னால் பார்க்கட்டும். விற்பவர் சொல்லாததைப் புகை சொல்லிவிடும். கொள்ளேகால் மெக்கானிக் அழுத்தம் அளந்தார். மூன்று சிலிண்டர்களில் 120 பவுண்டு, ஒன்றில் 80. பிளக் துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தார்; எண் ஏறிற்று. வால்வு அன்று, ரிங்கும் சுவருமே தேய்ந்தன என்பது அதன் பொருள். "இனிக் கடைய இடமில்லைங்க ஐயா. ஸ்லீவ்தான் போடணும். இல்லேன்னா கொடுத்திடுங்க" என்றார்.

செலவு அறுபதாயிரம், பழைய இரும்புக்காரர் தர இருந்தது முப்பத்தையாயிரம். இருபது ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் பத்தாயிரமாக உயர்ந்துவிட்டது. எங்கள் முறை 2026-இல். பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால். பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் அது கெடுக்கும், ஆகவே அவற்றையும் மாற்றவேண்டும். அம்பாஸிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றதால், முன்பு கடையில் கேட்டு வாங்கிய பொருளை இன்று ஊர் ஊராக விசாரிக்கவேண்டும். எங்கள் பிள்ளைகள் புதுக் காருக்குத் தவணை கட்டத் தாங்கள் தயார் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. கணக்குப் பார்த்தால் அவர்கள் பக்கமே வெற்றி.

எங்கள் தாயாருக்கு வயது எண்பத்து நான்கு, முழங்கால் மடங்காது. புதுக் கார்கள் மூன்றில் ஏற்றிப் பார்த்தோம். தாழ்ந்த இருக்கையில் உட்காரவும் எழவும் அவர் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க எங்களால் முடியவில்லை. அம்பாஸிடரில் நாற்காலியில் அமர்வதுபோல் அமர்கிறார். கொளத்தூரில் அவருடைய தங்கை படுக்கையில் இருக்கிறார்.

மைசூரில் சிலிண்டருக்கு ஸ்லீவ் இறக்கினோம். இரண்டு முறை கடைந்து பெரிதாகிப்போன துளை, ஸ்லீவ் போட்டபின் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் 73 மில்லிமீட்டர் அளவுக்கே திரும்பிவிட்டது. புது ரிங் சுவரோடு படியும்வரை, அதாவது முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு, ஐம்பதைத் தாண்டக்கூடாது, மலை ஏறவே கூடாது என்பது மெக்கானிக்கின் கட்டளை. ஆகையால் தினமும் மாலையில் தாயாரை முன்னிருக்கையில் வைத்துக் கொள்ளேகால் வரை போய்த் திரும்புகிறோம். போகவர ஐம்பது கிலோமீட்டர். நோட்டுப் புத்தகத்தில் நேற்று எழுதிய எண் 740. வண்டி நின்றதும் தாயார் கேட்பது, "இன்னும் எத்தனைப்பா?" என்பதே.