திருவல்லிக்கேணியில் ஒரு சிட்டுக்குருவி

பயணம் என்றால் உரோமை, லூர்து, வேளாங்கண்ணி என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அரைமணி நேரத்தில் சென்றடையும் ஒரு தெருவும் சில வேளைகளில் திருயாத்திரைத் தலமாகிவிடுவதுண்டு. 2024ஆம் ஆண்டு நவம்பரில், இறந்தோரின் ஆன்மாக்களுக்காக மன்றாடும் அம்மாதத்தில், நாம் மேற்கொண்ட திருவல்லிக்கேணிப் பயணம் அத்தகையது.

நோயுற்ற ஒருவரைக் காணவே புறப்பட்டோம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பாடகர் என்று மட்டும் சொல்வோம். மேடை மெல்லிசைக் குழுக்களில் நாற்பது ஆண்டுகள் பாடியவர். நம்மைப் பார்க்க விரும்புகிறார் என்று அவருடைய தங்கை மகன் தொலைபேசியில் சொன்னபோது, நம் நெஞ்சில் பழைய முள் ஒன்று அசைந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

பறக்கும் ரயிலில் வந்து திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கினோம். மழை சற்று ஓய்ந்திருந்தது. சிறிய ஊருக்குள் எத்தனை உலகங்கள்! பார்த்தசாரதி கோயிலின் மாட வீதிகள் ஒருபுறம். ஆற்காட்டு நவாபு குடும்பத்தார் 1795இல் எழுப்பிய வாலாஜா பள்ளிவாசல் மறுபுறம். வெளியூரிலிருந்து வேலை தேடி வரும் இளைஞர்கள் அறைக்கு மூவராகவும் நால்வராகவும் தங்கும் மேன்ஷன்கள் சந்துதோறும். பாரதி சாலையின் நடைபாதையில் பழைய புத்தகங்களின் மீது விரித்திருந்த பிளாஸ்டிக் தாளிலிருந்து வியாபாரிகள் மழைநீரை வடித்துக்கொண்டிருந்தார்கள்.

துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் இறுதியாக வாழ்ந்த இல்லம் இன்று அரசின் நினைவு இல்லமாக விளங்குகிறது. சில நிமிடங்கள் உள்ளே நின்றோம். 1921 செப்டம்பரில், 38ஆம் வயதில், இங்கேதான் அவர் மூச்சு அடங்கியது. நாடே பாடும் பாட்டுகளை இயற்றியவரின் இறுதி ஊர்வலத்தில் மிகச் சிலரே நடந்தார்கள். கடன் வாங்கி வைத்திருந்த அரிசியைச் சிட்டுக்குருவிகளுக்கு வாரி இறைத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. பறவைகளுக்கு இரை தந்தவரை வழியனுப்ப மனிதர் வரவில்லை.

பிரெஞ்சு மொழிக்கும் இத்தெருவுக்கும் உள்ள உறவும் அங்கே நினைவுக்கு வந்தது. 1672இல் சாந்தோமைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையினர், 1674இல் அதை இழக்கும்வரை இப்பகுதியிலும் போர் செய்தனர். அது துப்பாக்கி கொண்டுவந்த உறவு. பாரதியார் 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்து, அம்மொழியைக் கற்றார். அது நட்பு கொண்டுவந்த உறவு. பாட்டு கொண்டுவந்த மூன்றாவது உறவை அன்று மாலைதான் கண்டோம்.

பாடகரின் அறை ஒரு பழைய மேன்ஷனின் இரண்டாம் மாடியில் இருந்தது. கட்டில், மேசை விசிறி, மருந்துப் புட்டிகள், சுவரில் குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் படம். எழ முயன்றார், தடுத்தோம்.

“தோத்திரம் சாமி. நீங்க வருவீங்கன்னு நினைக்கல.”

கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னார். துணியில் சுற்றிய இசைத்தட்டு ஒன்று அதில் இருந்தது. விளிம்பு உடைந்திருந்தது, அதைப் பாட வைக்கும் பெட்டியும் இல்லை. அவருடைய தந்தையார் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் படையில் ‘சொல்தா’வாகச் சைகோனில் பணிபுரிந்து, ஓய்வு பெற்றுத் திரும்பியபோது கொண்டுவந்த தட்டு அது. பாடியவர் எடித் பியாஃப். புதுச்சேரியின் சொல்தா குடும்பங்கள் சிலவற்றில் பிரெஞ்சுப் பாடகர்கள் நுழைந்தது இவ்வழியாகத்தான்: அரசின் ஏற்பாட்டால் அல்ல, கப்பலில் வந்த தகரப் பெட்டியால்.

“ஒரு வார்த்தை புரியாது சாமி. அம்மா அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே கண்ணைத் துடைச்சுக்குவாங்க. நான் பாட வந்ததே அதனாலதான்.”

வாசக அன்பர்களுள் பலர் இப்பெயரை அறியாதிருக்கலாம். ஆனால் பிரெஞ்சுப் பாட்டை அறியாதவர் நம்மிடையே குறைவு. கிறிஸ்து பிறப்பு விழாவில் ‘குளோரியா’ என்று அலையலையாக நீளும் மெட்டு பிரான்சு நாட்டு மக்களின் பழைய பாட்டே. நள்ளிரவில் உலகெங்கும் ஆங்கிலத்தில் பாடப்பெறும் ‘புனித இரவு’ப் பாடல், 1847இல் அடோல்ஃப் ஆதாம் பிரெஞ்சுச் சொற்களுக்கு அமைத்த இசை. ஃபிராங்க் சினாட்ரா 1969இல் புகழ்பெறச் செய்த ‘மை வே’ என்னும் பாட்டை அமெரிக்கப் பாட்டென்றே நம் இளைஞர் எண்ணுகின்றனர். அதன் மெட்டு 1967இல் குளோது பிரான்சுவா பிரெஞ்சில் பாடியது. சார்ல் திரெனே கடலைப் பற்றிப் பாடிய பாட்டும் இவ்வாறே ஆங்கில உடை அணிந்து ஊர் சுற்றியது. மெட்டு எல்லை கடக்கிறது. பாடியவர் பெயரோ பெரும்பாலும் கரையிலேயே நின்றுவிடுகிறது.

பியாஃப் இதற்கு விலக்கானவர். 1947இல் அவர் அமெரிக்கா சென்றபோது, பாரிசுப் பாடகி என்றால் இறகும் பளபளப்பும் அணிந்து வருவார் என்று எதிர்பார்த்தவர்கள், எளிய கறுப்பு உடையில் குள்ளமான ஒரு பெண் வந்து நிற்கக் கண்டு ஏமாந்தனர். சில ஆண்டுகளில் அவர்களே அவரைத் தேடி வந்தனர். 1956இல் நியூயார்க்கின் கார்னெகி மண்டபத்தில் பாடினார். மொழி தெரியாதவரும் அக்குரலிலிருந்த துயரத்தைப் புரிந்துகொண்டார்கள். 2024 ஜூலை 26 அன்று பாரிசில் ஒலிம்பிக் தொடக்க விழாவில், கனடா நாட்டுப் பாடகி செலின் டியோன் ஈஃபில் கோபுரத்தில் நின்று பாடியதும் பியாஃப் எழுதிய அன்பின் பாடல்தான். நம் பாடகர் அதைத் தங்கை மகனின் கைப்பேசியில் கண்டு, அன்றிரவு முழுவதும் உறங்கவில்லையாம்.

1915இல் பிறந்த பியாஃபின் வாழ்வு துயரம் மிக்கது. ஊரார் மதிக்காத பெண்கள் வாழ்ந்த ஓர் இல்லத்தில், பாட்டியிடம் வளர்ந்தார். கண்ணோயால் பார்வை மங்கிய சிறுமியை அப்பெண்களே லிசியே நகருக்கு, தெரேசம்மாள் கல்லறைக்கு, அழைத்துச் சென்றார்கள் என்பர். அங்கே வேண்டியதால் பார்வை மீண்டதென்று பியாஃப் இறுதிவரை நம்பினார். சிறுமலரின் பக்தராகவே வாழ்ந்தார். தெருவில் பாடிப் பிழைத்தார். பெற்ற ஒரே மகளை இரண்டு வயதில் மூளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். மதுவுக்கும் மருந்துக்கும் அடிமையானார். மணமுறிவுக்குப் பின் மறுமணமும் செய்துகொண்டார். 1963 அக்டோபரில், 47ஆம் வயதில் இறந்தபோது, அவருக்குத் திருப்பலியுடன் கூடிய அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டது. ஆயினும் பல்லாயிரவர் கல்லறைத் தோட்டத்தில் திரண்டனர். பாரதியாருக்குக் கூட்டம் இல்லை. இவருக்குத் திருப்பலி இல்லை.

‘பியாஃப்’ என்பது அவருக்கு மற்றவர் இட்ட பெயர். பாரிசின் பேச்சுவழக்கில் அதற்குச் சிட்டுக்குருவி என்று பொருள்.

பாடகர் கேட்டார்: “அந்த அம்மாவுக்குப் பூசை வைக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்களாமே சாமி. அப்புறமாவது வெச்சாங்களா?”

“வைத்தார்கள். 2013இல், ஐம்பதாம் ஆண்டு நினைவு நாளில், அவர் பிறந்த பெல்வில் பகுதியின் கோயிலில் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது” என்றோம்.

அவர் விரல்களால் எண்ணுவதுபோல் பார்த்தார். “அம்பது வருசமா சாமி?”

அவர் நம்மைக் குற்றம் சாட்டவில்லை. ஆயினும் அக்கேள்வி நம் நெஞ்சில் நேரே வந்து தைத்தது. குருப்பட்டம் பெற்ற புதிதில் நாம் ஒரு பங்கில் உதவிக் குருவாக இருந்தோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் ஒரு மாலையில் இவர் வந்து, நள்ளிரவுத் திருப்பலியில் பாடகர் குழுவோடு நிற்கலாமா என்று கேட்டார். மனைவியைப் பிரிந்தவர், குடிப்பவர் என்று கேள்விப்பட்டிருந்தோம். “முதலில் வாழ்க்கையைச் சரிசெய்துகொண்டு பிறகு பாட வாருங்கள்” என்று வாசலிலேயே நிறுத்திச் சொன்னோம். ஒழுங்கைக் காக்கும் கடமை நமக்கு இருந்தது உண்மை. ஆனால் உள்ளே வரச் சொல்லி, அமரச் செய்து, என்ன நடந்தது என்று கேட்கும் கடமையும் இருந்தது. அதை நாம் செய்யவில்லை. அவர் சென்றார், இருபது ஆண்டுகளுக்கு மேலாக எக்கோயிலின் படியையும் மிதிக்கவில்லை.

திருச்சபை வகுத்த ஒழுங்கை நாம் இங்கே குறை சொல்லவில்லை. ஒழுங்கு என்பது வேலி. மந்தைக்கு வேலி தேவை. வேலிக்கு வெளியே கேட்கும் குரல் நம் மந்தையின் ஆட்டினுடையதா என்று எழுந்து சென்று பார்ப்பதே மேய்ப்பன் வேலை. விலை மலிந்த சிட்டுக்குருவிகளில் ஒன்றும் தந்தையின் நினைவில் தவறுவதில்லை என்று ஆண்டவர் சொன்னதை எத்தனை முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம்!

“அன்று உங்களை உட்காரச் சொல்லவில்லை. அது என் குற்றம், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றோம். அவர் நம் கையைப் பற்றிக்கொண்டார். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. அதன்பின் அவ்வறையில் நிகழ்ந்தது இறைவனுக்கும் அவருக்கும் உரியது, எழுதுவதற்கு உரியதன்று.

விடைபெறும்போது அந்தப் பிரெஞ்சு மெட்டை மெல்ல முணுமுணுத்தார். மூன்றாவது அடியில் மூச்சு நின்று இருமல் வந்தது. கீழே சந்தில் தேநீர்க் கடை வானொலி ஏதோ திரைப்பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. படியிறங்கி, கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு கடற்கரைச் சாலைக்கு வரும்போது மீண்டும் தூறத் தொடங்கிற்று.

அன்பான குடும்பத்தாரே, உங்கள் தெருவிலும் இத்தகைய ஒருவர் இருக்கலாம். கோயிலிலிருந்து சிறிது சிறிதாக விலகிப் போனவர், அல்லது நம் சொல்லொன்று விலக்கிவிட்டவர். ஐம்பது ஆண்டுகள் காத்திராதீர்கள். இவ்வாரமே அவர் கதவைத் தட்டுங்கள்.

இவ்வாண்டு நள்ளிரவுத் திருப்பலிக்குப் பாட வருமாறு அவரைக் கேட்டிருக்கிறோம். வருவாரா என்பது அவர் மூச்சைப் பொறுத்தது. பாடகர் குழுவின் முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறோம்.