பதினோரு பேக் பாஸ்

ஜெயித்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் என்று எங்களைப் பார்த்த யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பழனியில் கிளம்பிய கடைசி பஸ் வரதமாநதி அணையைத் தாண்டுவதற்குள் பின்சீட்டில் வசவு ஆரம்பித்துவிட்டது. சவரிக்காடு வரும்போது அது சண்டையாகி, கண்டக்டர் இரண்டு முறை எழுந்து வந்து, "ஏப்பா, யாரு செத்தா?" என்று கேட்டார். யாரும் சாகவில்லை. எங்கள் கல்லூரி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்திருந்தது.

1991 கார்த்திகை. பழனி முழுக்கக் கறுப்பு வேட்டி ஐயப்ப சாமிகள். மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு எங்களுக்கு ஆட்டம். நான் எங்கள் அணியில் இல்லை, கல்லூரியில் படித்ததோடு சரி. ஆனால் ஸ்டாப்பர் பேக் எங்கள் ஊர்க்காரன், என் சித்தப்பா மகன், தம்பி முறை. அவன் ஒருத்தனுக்காக வடகவுஞ்சியிலிருந்து பதினாலு பேர் காலை பஸ்ஸில் இறங்கிப் போயிருந்தோம். இடைவேளையில் பையன்களுக்குக் கொடுக்க ஒரு சாக்கு ஆரஞ்சு. அப்போதே ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போக ஆரம்பித்திருந்தன. வைரஸ் நோய் வந்து காப்பித் தோட்டங்களுக்குள் கிளை கிளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு சாக்கு சேர்க்க மூன்று தோட்டத்துக்காரர்களிடம் கேட்க வேண்டியிருந்தது. என் தாத்தா காலத்தில் ஒரு மரமே அதைக் கொடுத்திருக்கும்.

முதல் பாதியிலேயே கோல். கார்னரிலிருந்து வந்த பந்து எங்கள் ரைட் அவுட்டின் தோளில் பட்டு உள்ளே போனது. அவனே திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அதற்குப் பிறகு எங்களுக்கு ஆட்டமே இல்லை. இரண்டாம் பாதி முழுக்க அவர்கள் எங்கள் பக்கமே நின்றார்கள். கடைசிக் கால் மணி நேரத்தில் என் தம்பி செய்ததுதான் பஸ்ஸில் எங்களைக் கொதிக்க வைத்தது. பந்து காலுக்கு வரும்போதெல்லாம் முன்னால் உதைக்காமல், திரும்பி, சொந்த கோலியிடமே தட்டிவிட்டான். கோலி குனிந்து கையில் எடுப்பான், தரையில் இரண்டு தட்டு தட்டுவான், யாரையோ தேடுகிற மாதிரி பார்ப்பான், தம்பிக்கே உருட்டிவிடுவான். மறுபடி தம்பி அவனுக்கு. எதிரணி மாணவர்கள் கூட்டமாக ஊளையிட்டார்கள். எங்கள் கல்லூரிப் பையன்களே சிலர் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். பதினாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு ஆரஞ்சுத் தோலைப் பார்த்தோம்.

"பதினோரு தடவை" என்றார் எங்களோடு வந்த ஒரு அண்ணன். லாரியில் ஏற்றும்போது வாழைத்தார் எண்ணுகிறவர். நூறு தார் போனாலும் ஒன்று கூடாது, குறையாது. அவர் வாயிலிருந்து வந்த எண் என்பதால் அன்றைக்கு யாரும் மறுக்கவில்லை. பதினொன்று என்பது ஊரில் நிலைத்துவிட்டது.

அந்த வசவையெல்லாம் இன்று நினைத்துப் பார்த்தால், அதில் பாதி எங்கள் சொந்தச் சரக்கில்லை. அதற்கு முந்தைய வருடம் இத்தாலி உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் பார்த்திருந்தோம். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் பக்கத்தில்தான். ஆனால் நடுவில் மலை. ஒருத்தன் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு வெளியே பனியில் நிற்க வேண்டும், உள்ளிருந்து "இப்ப வருது… போச்சு… வருது" என்று குரல் கொடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் கேமரூன் அர்ஜென்டினாவைக் கவிழ்த்தபோது ஆன்டெனா பிடித்தது நான்தான். ஓமாம் பியிக் தலையால் முட்டிய கோலை நான் பார்க்கவில்லை, உள்ளே எழுந்த சத்தத்தைத்தான் கேட்டேன். ஒன்பது பேராகக் குறைந்தும் கேமரூன் அந்த ஒரு கோலைக் காப்பாற்றியது. அதற்கு ஊரே கொண்டாட்டம். பதினோரு பேரோடு எங்கள் கல்லூரி ஒரு கோலைக் காப்பாற்றினால் மட்டும் அவமானம். இந்த முரண் அன்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஆனால் மற்றபடி அந்த உலகக் கோப்பை சோம்பல் பிடித்தது. 52 ஆட்டத்தில் 115 கோல். ஆட்டத்துக்குச் சராசரி 2.21. அதுவரை நடந்த எந்த உலகக் கோப்பையிலும் அவ்வளவு குறைவாக விழுந்ததில்லை. கோலியிடம் தட்டுவதும் கோலி கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதுமாகவே பல ஆட்டங்கள் போயின. பார்த்துப் பார்த்து வெறுத்துப் போயிருந்த எங்கள் கண்ணெதிரே எங்கள் வீட்டுப் பையனே அதைச் செய்தால்?

இரவு எட்டரை மணிக்கு வடகவுஞ்சியில் இறங்கினோம். கரண்ட் இல்லை. டீக்கடையில் பெட்ரோமாக்ஸ் எரிந்தது. வழக்கமாக ஏழு மணிக்கே சாத்துகிற கடை, எங்களுக்காகத் திறந்திருந்தது. உள்ளே பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரியப்பா.

உறவு முறையில் அவர் எனக்குப் பெரியப்பா. ஊருக்கே பெரியப்பா. இளம் வயதில் கொடைக்கானலில் மிஷனரிப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தின் சமையல்கட்டில் பல வருடம் வேலை பார்த்தவர். அமெரிக்கப் பாதிரிமார் தங்கள் குழந்தைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளி அது. ஏரிக்கருகே அதன் மைதானம். பாத்திரம் கழுவி முடித்த சாயங்காலங்களில் அங்கே உட்கார்ந்து பார்த்தே பந்தாட்டம் கற்றுக்கொண்டார். ஒரு நாளும் பூட்ஸ் போட்டதில்லை. அண்ணன் ஒருவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்ததால், வெலிங்டன் ரெஜிமென்ட் சென்டர் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பை வாங்கியதைத் தன் வீட்டு விசேஷம் மாதிரி சொல்வார். அந்த அணியின் கோலி பீட்டர் தங்கராஜ் அவருக்குக் குலசாமி. "அவன் கையி இல்லப்பா, முறம்" என்பார்.

கால்வலி காரணமாக அன்று அவர் கீழே வரவில்லை. நாங்கள் ஒரே நேரத்தில் பதினாலு பேரும் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "ஜெயிச்சும் தோத்த மாதிரி இருக்கு பெரியப்பா." "கோலிக்கே போட்டுக்கிட்டு இருந்தா எதுக்கு பதினோரு பேரு? ரெண்டு பேரு போதுமே." "ஒரு உதை விட்டா பந்து பாதி கிரவுண்டு தாண்டும். அந்த உதை விடத் தெம்பில்லையா?" கடைசிக் கேள்வி டீக்கடைக்காரருடையது. அவர் ஆட்டமே பார்க்கவில்லை என்பது அவருக்குத் தடையாக இல்லை.

நியாயமாக மற்றவர்களையும் அலசினோம். லெஃப்ட் அவுட் பந்தை விட்டுப் பிரிய மனசில்லாமல் வெளிக்கோடு வரை கூட்டிக்கொண்டு போனதை, சென்டர் ஃபார்வேர்ட் மூன்று முறை ஆஃப்சைடில் நின்றதை, ஹாஃப்கள் இரண்டு பேரும் ஒரே பந்துக்கு ஓடி மோதிக்கொண்டதை. இவற்றுக்கெல்லாம் தலைக்கு ஒரு நிமிடம். தம்பிக்கு மட்டும் ஒரு மணி நேரம். சொந்தக்காரன் என்றால் அப்படித்தான்.

எல்லாம் ஓய்ந்த பிறகு பெரியப்பா கேட்டது ஒரே கேள்வி. "நம்ம பள்ளிக்கூடத்துக் கிரவுண்டுல பந்து வெளிய போனா யாரு எடுக்கணும்?"

எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைதானம் என்பது மரியாதைக்கு. மலையை ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் மண்ணைக் கொட்டிய ஒரு சரிவு. மேற்குக் கோல் கிழக்குக் கோலைவிட ஒரு ஆள் இடுப்பு உயரம் மேலே. கிழக்கே கோலுக்குப் பின்னால் நாலு எட்டில் பள்ளம். சில்வர் ஓக் மரங்கள், மிளகுக் கொடி, அதற்குக் கீழே காப்பி, அதற்கும் கீழே ஓடை. பந்து அங்கே போனால் அடித்தவன்தான் இறங்க வேண்டும் என்பது சட்டம். இறங்கிப் போய், அட்டைக்கடி வாங்கி, ஏறி வர அரை மணி ஆகும். அதற்குள் பனி இறங்கிவிடும், ஆட்டம் முடிந்துவிடும். லேஸ் கட்டிய ப்ளாடர் பந்து ஒன்றுதான் ஊருக்கே. அதுவும் தொலைந்துவிட்டால் வாழைத்தார் சுமந்து காசு சேர்த்து அடுத்தது வாங்க மூன்று மாதம். 88-ல் ஒரு பந்து தொலைந்தது. ஓடைவரை தேடியும் கிடைக்கவில்லை. அதை உதைத்தவன் என் தம்பி. அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. மூன்று மாதம் ஊரில் எந்தப் பையனும் அவனோடு பேசவில்லை.

"அடிச்சவன்தான் எடுக்கணும்" என்றோம்.

"அப்பறம் அவன எப்பிடிடா வெளிய உதைக்கச் சொல்றீங்க?" என்றார் பெரியப்பா. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தில் வழக்கு முடிந்துவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். முடியவில்லை. அவர் தலை மறைந்ததும் "பெருசுக்கு என்ன தெரியும், ஆட்டத்தப் பாத்தாரா?" என்று ஆரம்பித்து இன்னும் ஒரு மணி நேரம் ஓடியது. என் பங்குக்கு நானும் பேசினேன், தம்பிக்கு எதிராகத்தான். அவன் மறுநாள் ஊருக்கு வந்தபோது யாரும் நேராக எதுவும் கேட்கவில்லை. தார் எண்ணுகிற அண்ணன் மட்டும் தோளில் கை போட்டு, "பதினொன்னுடா மாப்ள" என்றார். அவன் சிரித்தான். அடுத்த ஆட்டத்தில் எங்கள் கல்லூரிப் பையன்கள் மூன்றுக்கு ஒன்று என்று தோற்று வெளியேறினார்கள். அதைப் பற்றி டீக்கடையில் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. நன்றாக ஆடித் தோற்றார்கள், பேச என்ன இருக்கிறது?

பெரியப்பா அடுத்த சித்திரையில் போய்ச் சேர்ந்தார். அந்த ஜூன் மாதம் ஸ்வீடனில் நடந்த ஐரோப்பியக் கோப்பையை டென்மார்க் வென்றது. ஜெர்மனியை 2-0 என்று முடித்த அந்த இறுதி ஆட்டத்தில் பந்து எத்தனை முறை டென்மார்க் கோலி ஷ்மைக்கேல் கைக்குப் போனது என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதோடு சரி. 1992 ஜூலை பார்சிலோனா ஒலிம்பிக்கிலிருந்து, சொந்த அணிக்காரன் வேண்டுமென்றே காலால் தட்டிய பந்தைக் கோலி கையால் தொடக் கூடாது என்று விதி வந்துவிட்டது. என் தம்பியின் வித்தை, முறம் மாதிரி கையுள்ள கோலிகளின் நிதானம், எங்கள் பஸ் சண்டைக்கான காரணம் எல்லாம் ஒரே விதியில் போயின. ஆட்டத்துக்கு அது நல்லதுதான் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். இப்போதைய கோலிகள் காலால் ஆடுகிற அழகைப் பார்த்தால் எதிர்வாதத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் பந்து கைக்கு வந்து சேர்ந்ததும் மைதானமே மூச்சு விடுகிற அந்த மூன்று நொடி, அது இனி யாருக்கும் கிடையாது.

2019 மார்ச் 9. சென்னை சிட்டி அணி கோவை நேரு ஸ்டேடியத்தில் மினெர்வா பஞ்சாபோடு அந்தப் பருவத்தின் கடைசி ஐ-லீக் ஆட்டம். ஜெயித்தால் கோப்பை. கோழிக்கோட்டில் அதே நேரத்தில் கோப்பைக்குப் போட்டியாக இருந்த ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போயிருந்த நான் அதே டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். இப்போது அங்கே சுவரில் பெரிய டிவி. ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கி, பிறகு மூன்று திருப்பி அடித்து, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 43-க்கு 42, தமிழ்நாட்டு அணி கோப்பையை வாங்கியது. கடையில் நாங்கள் ஐந்து பேர். விசில் ஊதியதும் ஒரு பையன் போனில் எதையோ தட்டி அனுப்பினான். இன்னொருவன் பைக்கை எடுத்தான். பாதி ஆட்டம் வரை தடுமாறியது ஏன், பெனால்டி சரிதானா என்று கேட்க நான் வாயைத் திறந்தபோது எதிரே டீக்கடைக்காரரின் மகன் மட்டும் இருந்தார். "நல்ல மேட்ச்ண்ணே" என்று டம்ளரைக் கழுவப் போனார்.

தம்பி இப்போதும் ஊரில்தான் இருக்கிறான். ஆரஞ்சு போன இடத்தில் பட்டர் ஃப்ரூட் வைத்திருக்கிறான். கொஞ்சம் மலைவாழை. விருப்பாச்சி வாழைக்குப் புவிசார் குறியீடு வந்த பிறகும் முடிக்கொத்து நோய் மட்டும் விலகவில்லை என்று போனில் பேசும்போதெல்லாம் குறைப்படுவான். பள்ளி மைதானத்தைச் சமப்படுத்திவிட்டார்களாம். கிழக்குக் கோலுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்குக் கம்பி வலை. பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கிறார்கள் என்றான். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

போன மாதம்தான் முதல் முறையாக அவனிடம் நேராகக் கேட்டேன், அந்தப் பதினோரு பேக் பாஸ் பற்றி. பெரியப்பா சொன்னதையும் சொன்னேன். பள்ளம், தொலைந்த பந்து, மூன்று மாதம். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பள்ளமும் இல்ல, ஒன்னும் இல்லண்ணே. எனக்கு எடது கால்ல பெரு விரல் நகம் பேந்து போயிருந்துச்சு. உதைச்சா உசிரு போகும். கோச் கிட்டச் சொன்னா உக்கார வச்சிருவாரு" என்றான்.

நான் சிரித்து முடிப்பதற்குள் அவனே தொடர்ந்தான். "அப்பறம், பதினொன்னுன்னு எவன் சொன்னான்? ஒம்போது. மத்த ரெண்டும் லெஃப்ட் பேக் போட்டது."

அன்று பழனியில் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், ஒன்பதா பதினொன்றா என்று தயவுசெய்து எழுதுங்கள். தார் எண்ணுகிற அண்ணன் இன்னும் இருக்கிறார். தன் கணக்கிலிருந்து அவர் இறங்கி வருவதாக இல்லை.