பாட்டிக்கு என்ன பதில்?

பெங்களூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம், விசுவாசத்தையும் கணக்கையும் ஒரே மேஜையில் சொல்லித்தர விரும்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்றால் முதல் எதிர்ப்பு அரசிடமிருந்து வருவதில்லை. பாட்டியிடமிருந்து வருகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் வாசலில், "எந்த ஸ்கூல் கண்ணு?" என்று யாராவது குனிந்து கேட்க, பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. பாட்டிக்கு மானம் போகிறது.

அவர் கோபத்தில் நியாயம் உண்டு. 1865இல் பிஷப் காட்டன், 1880இல் பால்ட்வின் என்று இந்த நகரத்துக்கே பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்த சமூகம். "மிஷன் ஸ்கூல் இல்லேன்னா உங்க தாத்தா கையெழுத்துப் போட்டிருப்பாரா?" மகனிடம் பதில் இல்லை.

சட்டமோ வழவழா கொழகொழா. 2010 ஏப்ரல் 1இல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது; சேர்க்காவிட்டால் என்ன தண்டனை என்று சொல்லவில்லை. 14 வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஜெர்மனியில் இந்த இடைவெளிகூடக் கிடையாது. ரோமைக்கே என்ற கிறிஸ்தவக் குடும்பம் அபராதத்துக்கு அஞ்சி 2008இல் அமெரிக்காவுக்குப் போனது. 2010இல் கிடைத்த அடைக்கலம் மேல்முறையீட்டில் பறிபோனது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கைவிரித்த மறுநாளே, இருந்துகொள்ளுங்கள் என்றது அரசு!

பெங்களூர்ப் பாட்டி அவ்வளவு கடுமையானவர் அல்ல. மாலையில் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தமிழ் பைபிளை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்கிறார். அதுவும் பள்ளிக்கூடம்தான் என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.