நின்றால் நடுக்கம், ஓடினால் ஆட்டம்

சாமராஜநகருக்கு வந்துபோகும் முதல்வரின் நாற்காலி ஆட்டம் கண்டுவிடும் என்று கர்நாடக அரசியல்வாதிகள் நெடுங்காலம் நம்பினார்கள். ஊர் எல்லையை மிதிக்காமலே பதவிக் காலத்தைக் கழித்தவர்கள் உண்டு. 2013ல் முதல்வரான சித்தராமையா திரும்பத் திரும்ப வந்தார், ஐந்தாண்டுகளையும் முடித்தார். நாற்காலி பற்றிய பயம் அதோடு குறைந்தது. ஊரில் இன்னும் ஆடிக்கொண்டிருப்பவை பழைய ஜீப்களின் ஸ்டியரிங்குகள்தான்.

1997ல் மைசூரிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. தன் தந்தை சாமராஜ உடையார் பிறந்த ஊர் என்பதால் அரிகுடாரம் என்ற பழைய பெயரை மாற்றிய மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், 1826ல் கட்டிய சாமராஜேஸ்வரர் கோயில் ஊர் நடுவே நிற்கிறது. நஞ்சன்கூடு போகும் வடக்குப் பக்கத்தை விட்டால் மற்றத் திசைகளில் சாலைகள் காட்டைத்தான் தேடிப் போகின்றன. கிழக்கே பிளிகிரிரங்கன் மலை, அதைத் தாண்டி மாதேஸ்வரன் மலை. மேற்கே குண்டலுப்பேட்டை வழியாகப் பந்திப்பூர். தெற்கே புளிஞ்சூர் சோதனைச் சாவடியைக் கடந்தால் தமிழ்நாடு. ஆசனூர், திம்பம், பிறகு 27 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி பண்ணாரி.

இந்தக் காடுகளில் வண்டி நின்றுபோவது சாதாரண விஷயமல்ல. 1993 ஏப்ரல் 9 அன்று வீரப்பனைத் தேடிப் பாலாற்றுப் பக்கம் போன தமிழகப் போலீஸ் அதிகாரி கோபாலகிருஷ்ணனின் ஜீப் வழியில் பழுதாகி நின்றது. குழு இரண்டு பஸ்களுக்கு மாறியது. கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். வீரப்பன் காலம் 2004ல் முடிந்துவிட்டது. இப்போது யானையும் கடிகாரமும்தான் கவலை. பந்திப்பூர் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை. திம்பம் மலைப்பாதையிலும் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுக் கட்டுப்பாடு. மாலையில் கிளம்பும் பழைய ஜீப் இடையில் மக்கர் செய்தால் இறங்கிப் பார்க்கவும் முடியாது, உதவிக்கு இன்னொரு வண்டி வரும் என்று காத்திருக்கவும் முடியாது.

பழைய வண்டி என்றால் இங்கே இரண்டு குலம். 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கிய மஹிந்திராவின் வாரிசுகள் ஒன்று. 1985ல் வந்த மாருதி ஜிப்ஸி மற்றது. ஜிப்ஸியின் பொது விற்பனை 2019ல் முடிந்துபோனது. 15 வயது தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரலோடு ரத்தாகும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதனால் வயதான ஜீப் என்பது இனி தோட்டக்காரர், குவாரிக்காரர், மலைக்கிராமத்துக்குச் சாமான் ஏற்றுபவர் ஆகியோரின் சொத்து. சொந்தக் காசில்தான் வைத்தியம்.

பட்டறைக்கு வருகிறவர் சொல்வது ஒரே வாக்கியம்: "வண்டி ஆடுது." விவரமான மெக்கானிக் திருப்பிக் கேட்பதும் ஒன்றே: "எப்போ?" நிற்கும்போது நடுங்கினால் நோய் எஞ்சினில். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறினால் நோய் முன் அச்சில். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் ஒன்றுக்குச் செய்யும் செலவு மற்றதைத் தீர்க்காது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வீணான பணம் கொஞ்சமல்ல.

எஞ்சின் நடுக்கத்துக்குச் சோதனை எளிது. பெட்ரோல் வண்டியில் பிளக் வயர்களை உறையுள்ள குறடால் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றினால் சத்தத்தில் மாற்றமே இல்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. பிளக், வயர், பிறகு டாப்பெட் என்று தேடலாம். பழைய மஹிந்திராவின் ஹரிக்கேன் எஞ்சினில் ஒரு சூட்சுமம் உண்டு. காற்று உள்ளே வரும் வால்வுகள் மேலே ஹெட்டில். புகை வெளியேறும் வால்வுகள் கீழே பிளாக்கில். மேல் மூடியைத் திறந்து நான்கு டாப்பெட்டைச் சரிசெய்துவிட்டு, பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும் நான்கை மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி இளைத்தால் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும்: ஸ்லோ ஜெட்டில் தூசி, அல்லது அடி கேஸ்கெட் வழியே காற்றுக் கசிவு. மலையும் ஒரு காரணம். சத்தியமங்கலத்துச் சமவெளியில் கச்சிதமாக வைத்த ஐடிலிங், ஆயிரம் மீட்டரைத் தாண்டிய திம்பத்தில் காற்று மெலிவதால் திணறும். அது பழுதல்ல. டீசல் எஞ்சின் மாற்றிய ஜீப்களில் இற்றுப்போன எஞ்சின் மவுண்டையும், எண்ணெய்க் குழாயில் புகும் காற்றையும் சந்தேகிக்கலாம்.

ஸ்டியரிங் உதறல்தான் ஆளைக் கதிகலங்க வைப்பது. ஒரு பள்ளம், ஒரு பாலத்தின் விளிம்பு. சக்கரம் தட்டியதும் இரண்டு முன்சக்கரங்களும் மாறி மாறித் துடிக்கும். ஒரே அச்சில் கோத்திருப்பதால் ஒன்றின் துடிப்பு மற்றதைத் தூண்டும். வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். பலர் செய்வது புதிய ஸ்டியரிங் டாம்பர் மாட்டுவது. சில வாரம் உதறல் தெரியாது. வலி மாத்திரை மாதிரி. தேய்மானம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

முதலில் செய்ய வேண்டியது காசில்லாத வேலை. ரிம்மின் உட்புறம் காய்ந்து ஒட்டிய செம்மண்ணைக் கழுவுவது. அந்த மண்ணே சக்கரத்தின் சமநிலையைக் கெடுக்கப் போதும். அடுத்து முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் பார்ப்பது. உதறல் மாறினால் குற்றவாளி டயர் அல்லது ரிம்.

அதற்கும் மசியாவிட்டால் ஜாக்கி. தூக்கிய முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங்பின். பக்கவாட்டில் அசைந்தால் டை ராடு எண்டு, ஸ்டியரிங் பெட்டி. கமான் பட்டையின் புஷ்களையும் யூ போல்ட்டையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

ஓடை கடக்கும் வண்டிகளில் அதிகம் சந்தேகப்பட வேண்டியது கிங்பின்னைத்தான். நக்கிளின் சீல் கிழிந்தால் தண்ணீரும் சேறும் நுழைந்து பேரிங் துருப்பிடிக்கும். டை ராடைக் கழற்றிவிட்டு நக்கிளைக் கையால் திருப்பினால் ஓர் இறுக்கம் தெரிய வேண்டும். ஊஞ்சல் மாதிரி தளர்வாக ஆடினால் பேரிங்கை மாற்றி, ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து அந்த இறுக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அரைநாள் வேலை, அதைவிட அதிகமான கிரீஸ் அழுக்கு.

வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்க்க புளிஞ்சூர் சாலை இருக்கிறது. பட்டறையை விட்டுக் கிளம்பி, முதல் பாலம் வரும்போது மெக்கானிக் ஸ்டியரிங்கில் பிடியைச் சற்றே தளர்த்துவார். பக்கத்தில் உட்கார்ந்த உரிமையாளர் சாலையைப் பார்க்கமாட்டார். அவர் கண் மெக்கானிக்கின் விரல்கள் மேல்.