காய்ச்சல் விட்டது, கடன் விட்டதா?

கிரேக்க வினைச்சொல் ஒன்றைப் பற்றிய பதிவு இது. உடனே அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட வேண்டாம்! பேரேடு எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல் ரொம்பச் சுலபம். சொல்லப்போனால் இறையியல் மாணவர்களைவிட பி.காம். மாணவர்களுக்குத்தான் இது சீக்கிரம் பிடிபடும்.

சொல்லின் பெயர் 'அஃபியேமி'. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட மொழி கிரேக்கம். அதில் இந்த வினை 140 தடவைக்கு மேல் வருகிறது. 'அப்போ' என்றால் அப்பால். 'ஹியேமி' என்றால் அனுப்பு. இரண்டும் ஒட்டிக்கொண்டு 'அஃபியேமி' ஆகிவிட்டது. பரமண்டல ஜெபத்தில் தினமும் லட்சக்கணக்கானவர்கள் சொல்கிற 'மன்னியும்' என்பதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சொல்தான்.

அப்படியானால் அஃபியேமி என்றால் 'மன்னி' என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்ளலாமே? முடியாது. மத்தேயு சுவிசேஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள்.

4-ஆம் அதிகாரத்தில் பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை அஃபியேமி செய்துவிட்டு இயேசுவின் பின்னால் போகிறார்கள். 8-ஆம் அதிகாரத்தில் பேதுருவின் மாமியாரை ஜுரம் அஃபியேமி செய்கிறது. 18-ஆம் அதிகாரத்தில் ஒரு ராஜா தன் வேலைக்காரனின் கடனை அஃபியேமி செய்கிறான். 27-ஆம் அதிகாரத்தில் இயேசு சிலுவையில் தன் ஆவியை அஃபியேமி செய்கிறார். வலையை மன்னிக்க முடியுமா? ஜுரம் யாரை மன்னித்தது?

இந்த நான்கு இடத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் போதாமல் வேறு வேறு சொற்கள் தேடுகிறார்கள். தமிழுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. வலையை விட்டார்கள். காய்ச்சல் விட்டது. கடனை விட்டான். உயிரை விட்டார். ஒரே சொல், 'விடு'. நான்கும் முடிந்தது!

பொருத்தம் இத்தோடு நிற்கவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் புருஷன் மனைவியை விடக்கூடாது என்று பவுல் சொல்லுமிடத்தில் இதே வினைதான். யோவானில், கல்லறையிலிருந்து வெளியே வந்த லாசருவின் கட்டை அவிழ்த்துப் போகவிடச் சொல்லும்போதும் இதுதான். மாற்குவில், கட்டளையைக் கைவிட்டுப் பாரம்பரியத்தைப் பிடித்துக்கொள்கிறவர்களைக் கண்டிக்கும்போதும் இதுதான். 'விட்டுட்டான்', 'போகவிடு', 'கைவிட்டான்' என்று எல்லாவற்றுக்கும் தமிழில் 'விடு' தயாராக இருக்கிறது. அகராதியில் பக்கம் பக்கமாக விளக்க வேண்டிய கிரேக்கச் சொல்லை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிற யாரும் அரை நிமிஷத்தில் புரிந்துகொள்வார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு சொல்லுக்குப் பத்து அர்த்தம் இருந்தால் அந்தப் பத்தையும் ஒவ்வொரு இடத்திலும் கொட்டிவிடக் கூடாது. ஜேம்ஸ் பார் என்ற அறிஞர் 1961-இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தத் தவறைத்தான் பிடித்துக் கேள்வி கேட்டார். 'பஸ்ஸை விட்டுட்டேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் பஸ்ஸுக்கு விடுதலை கொடுத்தார் என்று யாரும் நினைப்பதில்லை. ஆகவே 'மன்னி' என்று இருக்கிற இடத்திலெல்லாம் வலையையும் ஜுரத்தையும் இழுத்துக்கொண்டு வர வேண்டாம். கடனைப் பற்றி மட்டும் கேட்கலாம். ஏனென்றால் அதைக் கொண்டுவருவது வாசகர் இல்லை, மத்தேயுவே கொண்டுவருகிறார்.

மத்தேயு எழுதிய ஜெபத்தில் மன்னிக்கப்பட வேண்டியதாக வருவது 'ஒஃபெய்லேமா'. இதற்கு நேரான பொருள் கடன், கொடுக்க வேண்டிய பாக்கி. புராட்டஸ்டண்ட் சபைகள் பயன்படுத்தும் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த வசனத்தில் 'கடன்', 'கடனாளி' என்றே இருக்கிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அது 'குற்றம்' ஆகிவிட்டது. கோயில்களில் வாய்ப்பாடமாகச் சொல்லும்போதும் பெரும்பாலும் குற்றம்தான் வருகிறது. கடன் மெதுவாக நழுவிவிட்டது.

கடனைப் பற்றி அஃபியேமி என்று எழுதுவது மத்தேயுவின் கண்டுபிடிப்பும் அல்ல. அது அன்றைய அரசாங்கக் கிரேக்கம். கி.மு. 196-இல் எகிப்தில் வெட்டப்பட்ட ரொசெட்டா கல்லை எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஐந்தாம் தாலமி என்ற ராஜா சில வரிகளை முழுசாகத் தள்ளுபடி செய்தான், அரசுக்கு வர வேண்டிய பாக்கிகளை விட்டான் என்று அதன் கிரேக்கப் பகுதி புகழ்கிறது. அங்கே இருக்கும் வினை இதே அஃபியேமி. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களும், ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கடனை விட்டுவிட வேண்டும் என்ற உபாகமம் 15-ஆம் அதிகாரச் சட்டத்துக்கு இதன் பெயர்ச்சொல்லான 'அஃபெசிஸ்' என்பதையே போட்டார்கள். ஆக, அந்தக் காலத்தில் இந்தச் சொல்லைக் கேட்டவனுக்கு வரி ஆபீஸும் கடன் பத்திரமும் ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

இப்போது மத்தேயு 18-இல் வரும் கதைக்குப் போகலாம். ஒருவன் ராஜாவுக்கு 10,000 தாலந்து தர வேண்டும். அவனுக்கு இன்னொருவன் 100 தெனாரியம் தர வேண்டும். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து 6,000 தெனாரியம். கால்குலேட்டரை எடுங்கள். முதல் கடன் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தால் 2 லட்சம் வருஷம் ஆகும்! இரண்டாவது கடன் வெறும் 100 நாள் கூலி. விகிதம் 6 லட்சத்துக்கு 1.

ராஜா முதலில் என்ன உத்தரவு போட்டான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் விற்றுக் கடனை அடைக்கச் சொல்கிறான். கடன் கட்ட முடியாதவன் குடும்பத்தோடு அடிமையாவது அன்றைக்கு நடைமுறையில் இருந்தது. அவன் காலில் விழுந்து அவகாசம்தான் கேட்கிறான், தள்ளுபடி கேட்கவே இல்லை. ராஜா மொத்தத்தையும் விட்டுவிடுகிறான். அதற்கப்புறம் அந்த ஆள் வெளியே போய் 100 தெனாரியத்துக்காக இன்னொருவன் கழுத்தைப் பிடித்தது தனிக் கதை.

இங்கேதான் காமர்ஸ் உதவிக்கு வருகிறது. கடனைப் போக்கெழுதுவது வேறு, தள்ளுபடி செய்வது வேறு. வாராக்கடன் கணக்கைப் பற்று வைத்து, கடனாளி கணக்கை வரவு வைத்து வங்கி போக்கெழுதிவிடுகிறது. பேலன்ஸ் ஷீட் சுத்தமாகிவிடும். ஆனால் கடனாளி தப்பவில்லை! அவர்மேல் வழக்கு நடக்கும், வசூல் நடக்கும், அடகு வைத்தது ஏலத்துக்கு வரும். தள்ளுபடி அப்படியில்லை. கடனே செத்துப்போகிறது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு, கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. விவசாயிக்குக் கடன் போனது. அந்தத் தொகை காற்றில் கரைந்துவிடவில்லை, அரசு கஜானாவின் தலையில் வந்து உட்கார்ந்தது. எங்கே கடன் விடப்பட்டாலும் யாரோ ஒருவர் நஷ்டத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். கதையில் அந்த நஷ்டத்தை எழுதிக்கொண்டவன் ராஜா.

'மன்னிச்சிட்டேன், ஆனா மறக்க மாட்டேன்' என்று சொல்கிறவர்கள் செய்வது போக்கெழுதுதல். முன் ஏட்டிலிருந்து எடுத்துவிட்டுப் பின் ஏட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஒருநாள் வசூலுக்கு வருவார்கள். அஃபியேமி கேட்பது தள்ளுபடி.

இந்த வித்தியாசம் வெறும் சொல் விளையாட்டாக இருக்க முடியாத ஊர் ஒன்று உண்டு என்றால் அது செங்கல்பட்டுதான். 1891-இல் அந்த மாவட்டக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதாரிடம் கடன்பட்டு, அந்தக் கடனுக்காகவே படியாளாகக் கட்டுண்டு கிடந்தவர்களின் வாழ்க்கை அதில் இருந்தது. அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று சொல்லப்படுவது அதிலிருந்து பிறந்ததுதான். அந்த மக்களுக்காக அரசிடம் வாதாடியவர்களில் செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூவும் ஒருவர். கடனுக்கு ஆளையே பிடித்துவைக்கும் வயல்வெளியில் நின்று, கடனை விடச் சொல்லும் ஜெபத்தைச் சொன்னால் அது எப்படிக் காதில் விழும்? யோசித்துப் பாருங்கள். 'குற்றம்' என்று மாற்றினால் குனிய வேண்டியவன் படியாள். 'கடன்' என்று வைத்தால் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டியவன் மிராசுதார்.

கிழக்கே கடற்கரைக்குப் போனாலும் இதே கணக்குத்தான். மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள கொக்கிலமேடு, தேவனேரி போன்ற மீனவக் குப்பங்களில் வலையைப் பார்க்கலாம், படகைப் பார்க்கலாம். அவற்றின் பின்னால் இருக்கும் முன்பணம் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கரையோரம் நெடுக, வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் பிடித்த மீனை அவரிடமே கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். வட்டி என்று தனியாக எதுவும் இருக்காது, விலையிலும் கமிஷனிலும் அது அடங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் வலையை விட்டுவிட்டுக் கிளம்புவது லேசான காரியமில்லை. வலை மீனவரை விடுவதற்கு முன்னால் கடன் அவரை விட வேண்டும். மத்தேயு இரண்டு இடத்திலும் ஒரே வினையைப் போட்டது தற்செயலாகவே இருக்கட்டும். ஆனாலும் கடற்கரைக்காரர்களுக்கு அந்த இரண்டு 'விடு'வும் தூரத்து உறவு இல்லை.

அஃபெசிஸ் என்பதற்குத் தமிழ்நாட்டில் இன்று கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரு காகிதமும் இருக்கிறது. 1976-இல் நிறைவேறிய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1975 அக்டோபர் 25-இலிருந்தே அமலுக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதன் 6-ஆவது பிரிவுப்படி கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பு அடியோடு அழிந்துபோகிறது. 7-ஆவது பிரிவுப்படி அந்தக் கடனுக்காக அடகில் இருந்த சொத்தும் விடுபடுகிறது. 9-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அழிந்த கடனுக்காகக் கடன் கொடுத்தவர் பணம் வாங்கினால் அதுவே குற்றம், மூன்று வருஷம் வரை சிறை! போக்கெழுதி வைத்துக்கொண்டு பிறகு வசூலிக்கும் வேலை இங்கே நடக்காது. செங்கல்பட்டு வட்டாரத்தில் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்காகக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகள் பல வருஷங்களாக வந்திருக்கின்றன. மீட்கப்பட்டவர் கையில் வருவாய்த்துறை அதிகாரி கொடுக்கும் காகிதத்தின் பெயர் விடுதலைச் சான்று. பெயரிலேயே 'விடு' இருக்கிறது. அந்தக் காகிதம் வரும்வரை முதலாளி எவ்வளவு அன்பாகப் பேசினாலும் ஆள் விடுபடவில்லை என்பதுதான் உண்மை.

மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பழைய கத்தோலிக்க ஜெபத்தில் 'பொறுத்தருளும்' என்று இருந்தது. பொறுப்பது என்றால் சுமப்பது. கடன்பட்டவன் தலையிலிருந்த பாரத்தைக் கடன் கொடுத்தவன் தன் தலையில் ஏற்றிக்கொள்வது. நஷ்டத்தை யார் எழுதிக்கொள்வது என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் பதில் இருக்கிறது. 'மன்னி' மனசைக் காட்டுகிறது, அதுவும் வேண்டியதுதான். 'விடு' மட்டும் கையைக் காட்டுகிறது. பிடித்திருந்த விரல்கள் திறந்தனவா இல்லையா என்று அது கேட்கிறது.

வேடிக்கை என்னவென்றால், தமிழர் யாரும் வெறுமனே 'மன்னி' என்று கெஞ்சுவதில்லை. 'மன்னிச்சிடு', 'மன்னித்துவிடுங்கள்' என்றுதான் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பில் தொலைந்ததாக நினைத்த அஃபியேமி துணைவினையாக வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலக்கண வகுப்பில் அதற்குத் தனி அர்த்தம் கிடையாது, செயல் முழுசாக முடிந்ததை மட்டும் காட்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். கடன் விஷயத்தில் முழுசாக முடிவதுதானே எல்லாமே!

அடுத்த தடவை யாராவது 'மன்னிச்சிட்டேன்' என்று சொன்னால், அந்த 'ட்டேன்' மேல் கொஞ்சம் அழுத்தம் கொடுத்துக் கேளுங்கள். ஏட்டில் இன்னும் பாக்கி இருக்கிறதா, கிழித்துப் போட்டாயிற்றா என்று அங்கேதான் தெரியும்.