ஜபல்பூரில் வந்த தந்தி

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெனிக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து பெரியம்மாவின் அன்பு. நீ அனுப்பிய குரல்பதிவைப் பெரியப்பாவும் கூட உட்கார்ந்து கேட்டார். “அப்பாவும் அம்மாவும் பென்ஷன் வாங்கின கையோடு ஒடிசா மலைக்கு ஊழியத்துக்குப் போறாங்களாம். ஏன்னு கேட்டா கர்த்தர் உணர்த்தினார்ங்கிறாங்க. எனக்கு ஒருநாளும் ஒரு உணர்த்துதலும் வந்ததில்லையே பெரியம்மா, நான் இந்த வீட்டுப் பிள்ளைதானா?” என்று கேட்டிருந்தாய். கடைசி வரியில் உன் குரல் கம்மியது. அதனால்தான் போனில் பேசி முடிக்காமல் இந்தக் கடிதம்.

ஆனாலும் பெரியம்மாவுக்கு உன்மேல் ஒரு சின்ன வருத்தம் உண்டு. இந்தக் கேள்வியை நீ பிரிஸ்டலில் குடியிருந்துகொண்டு கேட்கிறாய். ஆஷ்லி டவுன் மேட்டில், கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் நீளநீளமாக நிற்கும் பழைய கல் கட்டடங்கள் உனக்குத் தெரியும். மாப்பிள்ளை மேட்ச் பார்க்கப் போனபோது எடுத்த படத்தில் அவையும் விழுந்திருந்தன. இப்போது அங்கே ஆட்கள் வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் 2,050 அநாதைப் பிள்ளைகளுக்கு இடமிருந்த இல்லங்கள் அவை. கட்டியவர் ஜார்ஜ் முல்லர். ஞாயிறு பள்ளியில் நீ பரிசு வாங்கிய கதை இவருடையதுதான், ஆகவே சாப்பாட்டு மேசைக் கதையும் பால்வண்டிக் கதையும் இங்கே வேண்டாம். அட்லாண்டிக் கடலில் மூடுபனி விலகிய கதையைப் பிரசங்கிமார் உனக்குப் போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாமல் விடும் பகுதிதான் உன் கேள்விக்கு வேண்டியது.

முல்லர் 1805-இல் பிரஷ்யாவில் பிறந்தவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு படித்த அதே ஹாலே. அங்கே பிராங்கே என்ற போதகர் நிறுவிய அநாதை இல்லத்தில், கையில் காசில்லாத மாணவனாக முல்லர் சிறிது காலம் இலவசமாகத் தங்கினார். 1825-இல் மனந்திரும்பியவுடன் அவருக்குள் ஒரே ஆசை: மிஷனரியாகக் கிழக்கிந்தியாவுக்குப் போக வேண்டும். அது தேவ சித்தமா என்று பார்க்க அந்த இளைஞர் என்ன செய்தார் தெரியுமா? சீட்டுப் போட்டார். அது போதாதென்று அரசாங்க லாட்டரியில் ஒரு டிக்கெட் வாங்கி, பரிசு விழுந்தால் போவது என்று வைத்துக்கொண்டார். சிறு தொகை விழவும் செய்தது. உடனே பெர்லின் மிஷன் சங்கத்துக்கு விண்ணப்பித்தார். தகப்பனாரின் சம்மதம் இல்லாததால் அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் இதையெல்லாம் தம் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதி, வாலிபர்கள் இப்படிச் செய்ய வேண்டாம் என்றும் எச்சரித்தார். பெரியம்மாவுக்கு அவர்மேல் மரியாதை பிறந்தது இந்தப் பக்கங்களை வாசித்த பிறகுதான்.

நம் வீட்டிலும் சீட்டு இல்லாமல் இல்லை. புதுவருட ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அது கைக்கு வந்த நிமிஷமே நம் உறவுக்காரர்கள் வீடு விற்பது, கல்யாணம் முடிப்பது வரை தீர்மானம் செய்துவிடுவார்கள். உன் பூட்டி மட்டும் தன் அட்டையை வேதாகமத்துக்குள் செருகி வைத்து, ஈஸ்டர் வரை யாரிடமும் மூச்சு விடமாட்டாள். “வசனம் கிடைச்சிட்டு” என்று யாராவது ஓடி வந்தால், “கிடைக்கட்டும் மக்கா, இன்னும் ரெண்டு ஞாயிறு போகட்டும்” என்பாள். வீட்டில் அவளுக்கு விசுவாசம் குறைவு என்று பேசியவர்களும் இருந்தார்கள். பெரியம்மாவைக் கேட்டால், அந்த வீட்டில் உணர்த்துதலை உண்மையாக நம்பியவள் அவள் ஒருத்திதான். கர்த்தர் சொன்னதாக இருந்தால் ரெண்டு ஞாயிற்றில் அது அழிந்துபோகாது என்ற திடம் அவளுக்கு இருந்தது.

முல்லரும் அந்தத் திடத்துக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தார். மனதில் எழும் எண்ணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவன் பெரிய ஏமாற்றத்தில் விழுவான் என்பது அவர் துணிபு. முதலில் தன் சொந்த விருப்பம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயாதபடி மனதை நிறுத்த வேண்டும். பத்தில் ஒன்பது பங்கு கஷ்டம் அதிலேயே தீர்ந்துவிடும் என்பார். பிறகு உள்ளே எழுந்த ஏவுதலை வேத வசனத்தோடு ஒத்துப் பார்ப்பது, சூழ்நிலை எப்படி அமைகிறது என்று கவனிப்பது, ஜெபிப்பது, நிதானமாக யோசித்து ஒரு முடிவுக்கு வருவது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை ஜெபித்து, மனதில் சமாதானம் நிலைத்தால்தான் காலை எடுத்து வைப்பார்.

இது நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு, நீ பார்க்கும் அந்த மேட்டையே எடுத்துக்கொள். 1845 அக்டோபர் கடைசியில் பிரிஸ்டல் வில்சன் தெருவில் முல்லர் நடத்திய அநாதை இல்லங்களைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எழுதினார். பிள்ளைகளால் தெருவாசிகளுக்குத் தொந்தரவு என்று மரியாதையாக எழுதிய கடிதம்தான். முல்லர் சில நாள் கழித்து, மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். இடம் மாறுவதற்கான காரணங்களை ஒருபுறமும், மாறாமல் இருப்பதற்கான காரணங்களை மறுபுறமும் எழுதினார். கூட ஊழியம் செய்கிறவர்களிடம் காட்டினார், அவர்களோடு சேர்ந்து ஜெபித்தார். புது இல்லம் கட்டுவது என்று முடிவான பிறகும் கையில் நிலமில்லை.

மறு வருஷம் பிப்ரவரி தொடக்கத்தில் ஆஷ்லி டவுனில் ஓர் இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டார். போய்ப் பார்த்தார், பிடித்துப்போனது. மறுநாள் மாலை உரிமையாளர் வீட்டுக்குப் போனார். அவர் கடையில் இருக்கிறார் என்றார்கள். கடைக்குப் போனால், இப்போதுதான் கிளம்பினார், எட்டு மணிக்கு வீட்டில் இருப்பார் என்று பதில். நாமாக இருந்தால் எட்டு மணிக்கு அந்த வாசலில் நிற்போம். முல்லர் திரும்பப் போகவில்லை. இரண்டு இடத்திலும் ஆள் கிடைக்காததில் ஏதோ இருக்கிறது, பொறுமையாக இருப்பதே நல்லது என்று வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த நாள் காலை போய்ப் பார்த்தபோது உரிமையாளரே சொன்னார்: ராத்திரி மூன்று மணிக்கு விழித்தவருக்கு ஐந்து மணி வரை தூக்கமில்லை, மனம் முழுக்க அந்த நிலம்தான். அநாதை இல்லத்துக்கென்று முல்லர் கேட்டால் ஏக்கர் 200 பவுனுக்குப் பதிலாக 120 பவுனுக்கே கொடுப்பது என்று படுக்கையிலேயே தீர்மானித்துவிட்டாராம். ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான அந்த நிலம் அன்று காலையே பேசி முடிந்தது.

விலை குறைந்ததைத்தான் எல்லாரும் அதிசயமாகச் சொல்வார்கள். ஜெனி, பெரியம்மாவுக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த எட்டு மணி. முந்தின சாயங்காலம் முல்லருக்குள் ஒரு சத்தமும் கேட்கவில்லை. கதவு திறக்காததைப் பார்த்து வீட்டுக்குப் போனார், அவ்வளவுதான். அதே ராத்திரி தூக்கம் கெட்டது இன்னொரு மனிதருக்கு. ஏவுதல் வந்தது நிலத்தை விற்கிறவருக்கு. முல்லர் செய்த ஒரே காரியம், நடுவில் புகுந்து கெடுக்காமல் இருந்தது. உணர்த்துதல் என்றால் காதில் விழும் குரல் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், இந்த ஒரு ராத்திரியைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்.

இனி உன் அப்பா அம்மா வயதில் முல்லர் என்ன செய்தார் என்று பார்ப்போம். முல்லரின் முதல் மனைவி மேரி 1870-இல் காலமானார். மேரியின் அண்ணன்தான் ஆன்டனி நாரிஸ் குரோவ்ஸ், எக்ஸிடரில் பல் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு பாக்தாதுக்கும் பிறகு நம் சித்தூருக்கும் வந்தவர். அவரோடு ஊழியம் பழகிய திருநெல்வேலிக்காரர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், சம்பளம் வாங்காமல் கிறிஸ்தியான்பேட்டையில் சபை நடத்தியவர். அங்கே நடந்த 1860 எழுப்புதலைப் பற்றி உன் தாத்தா பேசத் தொடங்கினால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும். பிரிஸ்டலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று இனி கேட்காதே.

1874-இல் முல்லரின் இரண்டாம் மனைவி சூசன்னா கடுமையான காய்ச்சலில் விழுந்து எழுந்தார். உடம்பு தேறக் கடற்கரை ஊரில் தங்கியிருந்தபோது முல்லர் அங்கே பிரசங்கித்தார். ஊர் ஊராகப் போய் ஜனங்களைத் திடப்படுத்தினால் என்ன என்ற எண்ணம் அப்படித்தான் வளர்ந்தது. அதையும் தமக்குத் தெரிந்த முறையிலேயே நிறுத்தி நிதானித்துப் பார்த்தார். 1875 மார்ச்சில், எழுபது நிறையச் சில மாதங்கள் இருந்தபோது, புறப்பட்டார். 1892 வரை பதினேழு வருஷம், 42 நாடுகள். அந்தக் காலத்துக் கப்பலிலும் ரயிலிலும், பெரும்பாலும் சூசன்னாவும் கூடவே.

1883 செப்டம்பர் 26-ஆம் தேதி இந்தியாவுக்குக் கிளம்பினார். மறுநாள் அவருக்கு 78-ஆவது பிறந்தநாள். லாட்டரி டிக்கெட்டை வைத்துக்கொண்டு இருபத்தொன்று இருபத்திரண்டு வயதில் அவர் போகத் துடித்த அதே திசை! இளவயதில் ஐந்து தடவை மிஷனரி வேலைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்துப் பார்த்தவர். ஒவ்வொரு தடவையும் வழி அடைபட்டது. அந்த ஆசை பொய்யாக இருந்ததில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேல் காத்திருந்து, ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த பிறகு, தாடி வெளுத்த கிழவராக இங்கே வந்து பிரசங்கித்துவிட்டுப் போனார்.

இந்த முதிர்வயது ஊழியத்தில் இன்னொருத்தி உண்டு. அவளைப் பற்றி யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை. முல்லரின் ஒரே மகள் லிடியா. தகப்பனார் உலகம் சுற்றியபோது அவள் பிரிஸ்டலில்தான் இருந்தாள். இல்லங்களின் பொறுப்பை ஏற்றவர் அவள் கணவர் ஜேம்ஸ் ரைட். லிடியா ஏறக்குறைய முப்பது வருஷம் அந்த இல்லங்களில் கூலி வாங்காமல் வேலை செய்தாள். மகளும் மருமகனும் அங்கே நின்றதால்தான் எழுபது வயதுக்காரர் கப்பல் ஏற முடிந்தது.

முல்லர் இரண்டாம் தடவை இந்தியா வந்தபோது, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை எல்லாம் சுற்றி வந்து, வெயிலில் மிகவும் வாடிப்போனார். 1890 ஜனவரியில் ஜபல்பூரில் ஊழியம் செய்துகொண்டிருந்தபோது ஒரு தந்தி வந்தது. லிடியா இறந்துவிட்டாள். அவளுக்கு ஐம்பத்தேழு வயது. தகப்பனார் பயணத்தை நிறுத்திக்கொண்டு, அந்த மார்ச்சில் ஊர்போய்ச் சேர்ந்தார். பிறகும் இரண்டு வருஷம் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று போய்வந்தார். 1898-இல் தொண்ணூற்றிரண்டு வயதில் காலமானார்.

வயதான பெற்றோர் தூரதேசம் போகும்போது பிள்ளைகளுக்கு வரும் பயம் வீண்பயம் என்று பெரியம்மா சொல்ல மாட்டாள். ஜபல்பூர் தந்தி அதற்குச் சாட்சி. இங்கே இறந்தது வீட்டில் இருந்த மகள், போனவர் உயிரோடிருந்தார். அதனால் யார் பத்திரம், யாருக்கு ஆபத்து என்ற கணக்கை நாம் போட வேண்டாம். ஆனால் லிடியா அந்த வீட்டுப் பிள்ளையா என்று கேட்க யாருக்காவது வாய் வருமா? மிஷனரி கூட்டங்களில் எழுந்து நின்றவள் என்று அவளைப் பற்றிப் படித்த நினைவு பெரியம்மாவுக்கு இல்லை. விடிந்தால் இல்லத்துக்குப் போய் வேலை பார்த்தாள். நீயும் அங்கே ஆஸ்பத்திரியில் ராத்திரி ட்யூட்டி பார்த்து, தம்பிக்கு ஃபீஸ் கட்டி, வீட்டுக் கடனை முடித்துக் கொடுத்தாய். அது முடிந்ததால்தான் உன் அப்பா பென்ஷன் பணத்தில் கைவைக்காமல் புறப்படுகிறார். உனக்கு உணர்த்துதல் வந்ததில்லை என்று எப்படிச் சொல்கிறாய்?

அவர்கள் அவசரப்பட்டார்கள் என்றும் எண்ணாதே. கன்வென்ஷனில் அழைப்பு விடுத்த அன்று உன் அப்பாவுக்குப் பாரம் வந்தது உண்மை. அன்றைக்கு அவர் பேரைக் கொடுக்கவில்லை. உன் அம்மாவுக்கு மனமில்லை என்பது அவருக்குத் தெரியும். அதன்பிறகு வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, ஒரு தடவைகூட அவளை நெருக்கவில்லை. ஓய்வு பெற்று, அவள் மூட்டுவலி வைத்தியமும் முடிந்து, ஒடிசா மலையிலுள்ள விடுதிப் பள்ளியில் கணக்குப் பார்க்கவும் சமையல் மேற்பார்வைக்கும் ஆள் இல்லை என்று கடிதம் வந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. அதுவும் கடிதத்தை முதலில் வாசித்தது உன் அம்மா. போகலாம் என்று வாய் திறந்தவளும் அவள்தான்.

அந்த இடைப்பட்ட காலத்தில் அவள் மனம் எப்படித் திரும்பியது என்பது பெரியம்மாவுக்கும் முழுதாகத் தெரியாது. சனிக்கிழமை கூப்பிடும்போது அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லாமல் அவளிடம் கேள். மலையில் குளிர் அதிகமாம், முழங்காலுக்குப் போடும் கம்பளி உறை அங்கே நல்லதாகக் கிடைத்தால் இரண்டு ஜோடி வாங்கி, டிசம்பரில் வரும்போது கொண்டுவா. அளவு கேட்டு எழுதுகிறாள் பெரியம்மா.

மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் பெரியப்பாவின் ஆசீர்வாதங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள பெரியம்மா