ஒரு புள்ளியின் விலை

கருவி வாங்கச் செல்பவர் முதலில் விலையைக் கேட்கிறார். பிறகு உழைக்குமா என்று கேட்கிறார். அதனைக் கொண்டு ஆற்றவேண்டிய பணி யாதென்று தம்மையே கேட்டுக்கொள்வோர் மிகச் சிலர். நானும் பலருள் ஒருவனாகவே இருந்தேன். என்னைத் திருத்தியவள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி.

பணி ஓய்வுக்குப் பின், பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் வீட்டின் முன்னறையில் மாலை வேளைகளில் சில பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். துன் சம்பந்தன் சாலையின் பேரிரைச்சலுக்கு இடையே அகரமும் ஆகாரமும் ஒலிக்கும் அந்த ஒரு மணி நேரமே என் நாளின் பொருள் எனலாம். பயிற்சித்தாள்களை நானே எழுதி, நானே அச்சிடுவேன். அதற்கென மலிவு விலையில் வாங்கியது, மையைத் தெளித்து எழுதும் இங்க்ஜெட் அச்சுப்பொறி.

ஆண்டிறுதி விடுமுறை கழிந்து வகுப்பு மீண்டும் தொடங்கிய நாள். நான்கு வீடுகளின் படங்களை வரைந்து, கீழே ‘மண் வீடு எது?’ என்று ஒரு வினா அமைத்திருந்தேன். அச்சிறுமி எழுந்து, “மண வீடு எது?” என்று படித்தாள்.

“மண் என்று படிக்கத் தெரியாதா? கவனமாகப் பார்” என்றேன்.

மீண்டும் “மண வீடு” என்றே படித்தாள். மூன்றாம் முறை என் குரல் உயர்ந்தது. அவள் கண்கள் கலங்கின. “தாளில் அப்படித்தான் இருக்கு, ஐயா” என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். எழுத்துகளின் தலைப்பகுதியில், நூலிழை போன்ற ஒரு வெண்கோடு தாளின் குறுக்கே ஓடியிருந்தது. ‘வீ’யின் மேற்சுழி சற்றே அறுபட்டிருந்தது, ணகரத்தின் புள்ளியோ அடியோடு மறைந்திருந்தது. பிள்ளை பிழையின்றிப் படித்திருக்கிறாள். பிழையான தாளைக் கொடுத்தவன் நான். அனைவர் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மெய்யெழுத்து புள்ளி பெற்று நிற்கும் என்று தொல்காப்பியர் இலக்கணம் வகுத்தார். ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி, ஏடெழுதுவோர் அதனை விடுத்தே எழுதினர். படிப்பவர் இடம் நோக்கி மெய்யா, உயிர்மெய்யா என்று உணர்ந்துகொண்டனர். கற்றறிந்த புலவர்க்கு அது இயலும். அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு இயலுமா? அச்சு வந்த பிறகே புள்ளி தன் இடத்தில் உறுதியாக அமர்ந்தது. என் இளமைக்கால ஆசிரியப் பணியில், சைக்ளோஸ்டைல் தாளில் எழுதுகோலைச் சற்று அழுத்தினாலும் புள்ளி இருந்த இடம் ஓட்டையாகிவிடும். அங்கே மை கொட்டிக் கரிய திட்டாகும். ஓலையில் கிழித்த புள்ளி, மெழுகுத்தாளில் வழிந்த புள்ளி, இன்று என் பொறியில் மறைந்த புள்ளி! காலம் மாறினும் இடர் மாறவில்லை.

பழுதின் காரணத்தை ஆராய்ந்தேன். இங்க்ஜெட் பொறியின் மை பெரும்பாலும் நீர் கலந்தது. மயிரிழையினும் நுண்ணிய துளைகளின் வழியே அது துளித்துளியாகத் தாளில் விழுகிறது. பல வாரம் பயன்படுத்தாமல் விட்டால் துளைவாயில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பை நீக்கப் பொறி தானே தன்னைக் கழுவும். அதற்கும் மையே செலவாகும். அச்சிட்ட பின்னும் கவலை தீர்வதில்லை. மாலை மழையில் நனைந்து வரும் பிள்ளையின் தாளில் எழுத்துகள் கரைந்து நீலமாய் ஓடுவதைக் கண்டிருக்கிறேன்.

லேசர் பொறியின் வழி வேறு. ஜெராக்ஸ் நிறுவனத்தில் கேரி ஸ்டார்க்வெதர் என்பவர் 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை அது. ஒளிக்கதிர் ஓர் உருளையின் மேல் எழுத்தின் வடிவை மின்னூட்டமாக வரைகிறது; கரிய தூள் அவ்வடிவில் ஒட்டிக்கொள்கிறது; தாளுக்கு மாறிய தூளை வெப்பம் உருக்கிப் பதிக்கிறது. தூளுக்கு உலர்தல் என்பதில்லை. மாதக்கணக்கில் உறங்கிய பொறியும் எழுப்பியவுடன் எழுதும். மழைத்துளி பட்டாலும் எழுத்து கரைவதில்லை.

புக்கிட் பிந்தாங்கில் ஒரு கடைக்குச் சென்றேன். கடை இளைஞர், “வண்ணப்படம் அச்சிடுவீர்களா, ஐயா? மாதம் எத்தனை தாள்?” என்று வினவினார். என்னை நானே முன்னரே கேட்டிருக்க வேண்டிய வினாக்கள் அவை. நாள்தோறும் வண்ணத்தில் அச்சிடும் பள்ளிக்கு மைத்தொட்டி உடைய இங்க்ஜெட் பொறி ஏற்றது என்றார். எப்சன் நிறுவனம் 2010இல் இந்தோனேசியாவில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த வகை அது. மைச்செலவு மிகக் குறைவு. ஆயினும் துளைகள் துளைகளே. ஓய்ந்து கிடந்தால் அடைபடும். விடுமுறைதோறும் உறங்கும் என் பொறிக்கு அது பொருந்தாது. கறுப்பு எழுத்து மட்டும் அச்சிடும் லேசர் பொறியையே வாங்கினேன். விலை கூடுதல்தான், தூள்பெட்டியும் விலைமிக்கது. ஆனால் ஒரு பெட்டி ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதும். என் பழைய பொறியின் சிறு மைப்பெட்டி சில நூறு பக்கங்களைக்கூட எட்டியதில்லை.

இழப்பு இல்லாமல் இல்லை. செம்பருத்தியின் சிவப்பை இப்பொறி அறியாது. கோடுகளால் ஆன படத்தை அச்சிட்டுத் தருகிறேன்; பிள்ளைகள் தாமே வண்ணம் தீட்டுகின்றனர். நம் நாட்டின் ஈரக்காற்றில் தாள் சுருண்டு சிக்கும்; ஆதலின் தாள்கட்டை உறையிலேயே மூடி வைக்கிறேன்.

எனினும் பொறியை மாற்றியதால் என் கடமை முடிந்துவிடவில்லை. தூள் குறைந்தால் லேசர் எழுத்தும் வெளிறும். அப்போதும் முதலில் மங்குவது சிறிய புள்ளியாக இருக்கலாம். தாளைக் கொடுக்குமுன் ஒருமுறை படித்திருந்தால், பழைய பொறியே அன்று போதியிருக்கும். குழந்தை அச்சிட்ட எழுத்தை ஐயமின்றி நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் ஆசிரியர் அன்றோ?

அச்சிறுமி இன்றும் வகுப்புக்கு வருகிறாள். தாளைக் கையில் வாங்கியதும், படிப்பதற்கு முன் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்க்கிறாள். அவள் தொடுமுன் நான் தொட்டுவிட வேண்டும் என்பதே இப்போது எனக்கு நானே இட்டுக்கொண்ட வீட்டுப்பாடம்.